துணி சுருங்கிய வருடங்கள்

ஜனவரி 8

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் மாமாவும் உன் தையல் மெஷினும் சௌக்கியமா? முழங்கால் வலி தேவலையா? எனக்கு ஒரு குறையும் இல்லை, ஒன்றே ஒன்றைத் தவிர. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நாம் பேசினால் பத்தாவது நிமிடம் சண்டையில் போய் நிற்கும். கடிதத்தில்தான் நாம் இரண்டு பேரும் மரியாதையானவர்கள்.

துறைமுகத்தில் எங்களுக்குப் புது சேஃப்டி பெல்ட் வாங்கியிருக்கிறார்கள். கிரேன் ஏணியில் கால் தவறினால் அந்தரத்தில் பிடித்துக்கொள்கிற பெல்ட். சாமான் போக, ஆள் நூறு கிலோ வரைக்கும்தான் அது தாங்குமாம். அதனால் எல்லோரையும் தராசில் ஏற்றினார்கள். எனக்கு 114 காட்டியது. பின்னால் நின்ற சிக்னல்காரர், கீழே நின்று வாக்கிடாக்கியில் எனக்கு வழி சொல்கிறவர், "என்னண்ணே, மூட்டையோட ஏறிட்டீங்களா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

செப்டம்பர் 15 வரை அவகாசம். அதுவரை பழைய பெல்ட்டில் ஏறலாம். அன்றைக்குத் தராசில் நூறுக்குள் இருக்க வேண்டும், பிறகு பத்து கிலோ பையை முதுகில் போட்டுக்கொண்டு கேபின் வரை ஏறிக் காட்ட வேண்டும். ஏணி எனக்கு ஒரு விஷயமே இல்லை, இருபது வருடமாக கிரேன் ஓட்ட ஏறுகிறேன். தராசுதான் வில்லன். தோற்றால் கீழே கிடங்கில் உட்கார்ந்து பெட்டி எண்ண வேண்டும். அக்கா, மேலே இருந்து பழகியவனைக் கீழே உட்கார வைத்தால் நான் என்ன ஆவேன்?

நீ அனுப்பிய பேன்ட் வந்தது. போன வருடத்துப் பேன்ட் வழக்கம்போல் தண்ணீரில் சுருங்கிவிட்டது, இது சரியாக இருக்கிறது. இந்த வருடமும் லீவு கிடைக்கவில்லை. மாமாவிடம் சொல்லிவிடு.

இன்று கேபினிலிருந்து பார்த்தால் கடல் சாம்பல் நிறம். மூன்று கப்பல்கள் வரிசையில் நிற்கின்றன.

தம்பி

ஜனவரி 27

அன்புள்ள குச்சிக்கு,

இங்கே எல்லோரும் நன்றாக இருக்கிறோம். முழங்கால் அதன் வேலையைப் பார்க்கிறது, நான் என் வேலையைப் பார்க்கிறேன். மாமா உன் கடிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டு, "லீவு இந்தத் தடவையும் இல்லையாமா?" என்று கேட்டார். நான்கு வருடமாக ஒரே பதில் என்றால் அவருக்கும் கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டது.

நான் உன்னைக் குச்சி என்று கூப்பிடுவதை நிறுத்தப் போவதில்லை. எட்டு வயதில் உன் அரைக்கால் சட்டை இடுப்பில் நிற்காமல் நான்தான் ஊக்கு குத்தி அனுப்புவேன். எனக்கு நீ அதே ஆள்தான்.

உன் தராசை நான் நம்ப மாட்டேன். அது மொத்தத்தைச் சொல்லும், எங்கே போனது என்று சொல்லாது. இருபத்தைந்து வருடமாக உடம்புகளை அளந்து பிழைக்கிறவள் நான். இத்துடன் என் டேப் ஒன்றை வைத்திருக்கிறேன். மாதம் ஒரு தடவை இடுப்பு, தொடை, புஜம் மூன்றையும் அளந்து எழுது. காலையில், சாப்பிடுவதற்கு முன், மூச்சை இழுத்துப் பிடிக்காமல். ஏமாற்றினால் எனக்குத் தெரியும்.

அக்கா

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

அங்கே எல்லோரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் பறந்துகொண்டிருக்கிறேன். 106! எட்டு கிலோ போய்விட்டது. மதியம் ஒரு வேளைச் சாப்பாடு, மற்ற நேரம் காபியும் வெள்ளரிக்காயும். சிக்னல்காரர் என்னைப் பார்த்து, "அண்ணே, உங்களப் பாத்தா எனக்குப் பசிக்குது" என்கிறார்.

அளவு: டேப் வந்த முதல் நாள் இடுப்பு 46, தொடை 28, புஜம் 15½. இப்போது இடுப்பு 44, தொடை 25½, புஜம் 13½.

ஒரு சந்தேகம். நீ தைக்கிற பேன்ட்டின் உள்பக்கத் துண்டில் எப்போதும் 38 என்றுதானே இருக்கிறது? டேப் எப்படி 46 காட்டும்? பழைய டேப்பாக இருந்து நீண்டுவிட்டதோ?

கை கால் கொஞ்சம் சில்லென்று இருக்கிறது. தூக்கம் குறைவு. நேற்று ஒன்றுமில்லாததற்கு சிக்னல்காரரிடம் கத்திவிட்டேன். மற்றபடி ஜோர்.

கடல் இன்று கண்ணாடி. படகு ஒன்று கோடு கிழித்துக்கொண்டு போனது.

தம்பி

மார்ச் 22

அன்புள்ள குச்சிக்கு,

நாங்கள் நலம். நீ நலமில்லை. இதைப் பல்லைக் கடித்துக்கொண்டு மரியாதையாக எழுதுகிறேன்.

உன் அளவை மூன்று தடவை படித்தேன். இடுப்பில் இரண்டு இன்ச் போயிருக்கிறது. தொடையில் இரண்டரை போயிருக்கிறது. புஜத்தில் இரண்டு. அதாவது போக வேண்டிய இடத்தில் போகாமல், இருக்க வேண்டிய இடத்தில் போயிருக்கிறது. என்னிடம் அப்படி நிறையப் பேர் வந்திருக்கிறார்கள். ஏதாவது விசேஷத்துக்கு இரண்டு மாதத்தில் இளைத்துக்கொண்டு வருவார்கள். வயிறு அப்படியே இருக்கும், பின்பக்கம் மட்டும் துணி தொங்கும். கன்னம் ஒட்டிப்போயிருக்கும். ஆறு மாதம் கழித்து, "அக்கா, கொஞ்சம் பிரிச்சு விடுங்க" என்று அதே துணியைக் கொண்டு வருவார்கள். முன்னைவிடப் பெரிய அளவில்.

நீ ஏறுவது தொடையாலும் கையாலும். அதைத் தின்றுவிட்டு எதை வைத்து ஏறுவாய்? மூன்று வேளையும் சாப்பிடு. முட்டை சாப்பிடு. யாராவது விஷயம் தெரிந்தவர்களைக் கேள்.

மாமா உன்னை விசாரித்தார். சாப்பிடு.

அக்கா

ஏப்ரல் 19

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அங்கேயும் நலம்தானே.

எடை 102. இடுப்பு 43. நீ சொன்னபடி சாப்பிட்டதில் தொடை ஏறி 27 ஆகிவிட்டது, புஜம் 15. பயப்பட ஒன்றுமில்லை. பழைய பேன்ட் நிற்கவில்லை, இந்த அளவுக்கு ஒன்று தைத்து அனுப்பினால் நல்லது.

வேலை அதிகம். பிறகு எழுதுகிறேன்.

தம்பி

மே 10

அன்புள்ள குச்சிக்கு,

இங்கே எல்லாம் வழக்கம்போல். உன் பேன்ட்டைத் தைத்து அனுப்பியிருக்கிறேன், கடிதம் எப்போதும்போல் வலது பாக்கெட்டில். நீ எழுதிய அளவுதான், ஒரு நூல்கூடக் கூட்டவில்லை, குறைக்கவில்லை. போட்டுப் பார்த்து எப்படி இருக்கிறது என்று எழுது.

போன கடிதத்தில் கடலைப் பற்றி ஒரு வரி இல்லை. இருபது வருடத்தில் நீ கடல் இல்லாமல் கடிதம் முடித்ததே இல்லை. நான் வேறு எதுவும் கேட்கவில்லை.

அக்கா

ஜூன் 16

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலமாக இருங்கள். பதில் எழுத ஒரு மாதம் ஆனதற்கு மன்னித்துக்கொள். உன் பேன்ட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

போட்டுப் பார்த்தேன். இடுப்பு கச்சிதம். தொடையில் மட்டும் இரண்டு பக்கமும் பை மாதிரி தொங்கியது. கண்ணாடியில் பார்த்தபோது எனக்கே வெட்கமாகிவிட்டது. நான் எழுதிய 27 பொய், அக்கா. அளந்தது 24½. நீ திட்டுவாய் என்று மாற்றி எழுதினேன். உன்னிடம் பொய் சொல்லலாம், நீ தைத்த துணியைப் போட்டுக்கொண்டு சொல்ல முடியவில்லை.

இன்னொன்றையும் மறைத்துவிட்டேன். ஏப்ரல் 11 காலை ஏணியில் ஏறும்போது மூன்றாவது தட்டில், நடுநடுவே நிற்பதற்கு இருக்கிற மேடைப் பக்கம், கை விட்டுப்போயிற்று. பிடிக்கிறேன், பிடி நிற்கவில்லை. தொடை இரண்டும் வெடவெட என்று ஆடுகிறது. பெல்ட்டை மாட்டிக்கொண்டு கம்பியைக் கட்டிப்பிடித்து நின்றுவிட்டேன். மேலேயும் போக முடியவில்லை, கீழேயும் இறங்க முடியவில்லை. சிக்னல்காரர் ஏறி வந்து, என் முதுகைப் பிடித்தபடி, "பாத்து, அடுத்த படி... அடுத்த படி..." என்று குழந்தையை இறக்குகிற மாதிரி இறக்கினார். கீழே நாற்பது பேர் நின்று பார்த்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை.

அன்றிலிருந்து கிடங்கில் பெட்டி எண்ணுகிறேன். கடல் தெரியாது. அதனால்தான் எழுதவில்லை.

எங்கள் மருத்துவ அறை நர்ஸ் என்னை உட்கார வைத்து மானத்தை வாங்கினார். "ஒரேயடியா பட்டினி போட்டா உடம்பு பயந்துடும். செலவச் சுருக்கிக்கும். கொழுப்போட சேத்து சதையையும் கரைச்சிடும். அதான் கை காலு சில்லுனு ஆகுது, கோவம் வருது. இனிமே வாரத்துக்கு அரைக் கிலோ குறைஞ்சா போதும். அதுக்கு மேல குறைஞ்சா எங்கிட்ட வந்து திட்டு வாங்கிக்கணும்." மூன்று வேளைச் சாப்பாடு. ஒவ்வொரு வேளையிலும் முட்டையோ மீனோ பயறோ தயிரோ கட்டாயம், காய்கறி தட்டில் பாதி. வாரத்தில் மூன்று நாள் கிடங்குக்குப் பின்னால் மணல் மூட்டையைத் தூக்கிவைக்கிறேன். மற்ற நாள் நடை. ஏழு மணி நேரத் தூக்கம்.

சாப்பிட ஆரம்பித்ததும் எடை மூன்று கிலோ ஏறி 105 ஆனது. அன்றைக்கு அழுதுவிட்டேன். இப்போது 104½. தொடை 25. இது உண்மை.

தம்பி

ஜூலை 2

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் நலம். நீ இறங்கி வந்தாயே, அதுவே போதும். அந்த சிக்னல்காரருக்கு ஒரு சட்டை தைத்து அனுப்புகிறேன், அளவு கேட்டு எழுது.

நீ உண்மை சொன்னாய். நானும் சொல்லிவிடுகிறேன்.

துணி சுருங்கவில்லை. ஒரு வருடம்கூடச் சுருங்கவில்லை. கடையில் வாங்கியதும் நனைத்துக் காயவைத்துத்தான் வெட்டுவேன், எனக்குத் தொழில் தெரியும். பன்னிரண்டு வருடமாக நீ "தண்ணீரில் சுருங்கிவிட்டது" என்று எழுதுவாய், நான் "இப்போ வர்ற துணியெல்லாம் அப்படித்தான்" என்று பதில் எழுதிவிட்டு, அடுத்த பேன்ட்டில் அரை இன்ச், ஒரு இன்ச் கூட்டுவேன். உள்பக்கத் துண்டில் மட்டும் 38 என்று தைத்துவிடுவேன். என் நோட்டில் உன் பக்கம் இருக்கிறது. 38, 39, 40 என்று 46 வரைக்கும். நீ டேப் நீண்டுவிட்டதா என்று கேட்டாயே. அதனால்தான் அதற்குப் பதிலே எழுதவில்லை.

உன் மனது நோகக் கூடாது என்றுதான் செய்தேன். ஒரு வருடமாவது உண்மையான அளவை அந்தத் துண்டில் தைத்து அனுப்பியிருந்தால் நீ அப்போதே விழித்திருப்பாய். என் தப்பு.

அக்கா

ஆகஸ்ட் 7

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. முதல் பத்து நாள் உன்மேல் சரியான கோபம். எட்டு இன்ச்! ஊருக்கே உண்மை சொல்கிற டேப் எனக்கு மட்டும் பன்னிரண்டு வருடம் நடித்திருக்கிறது. பதினோராவது நாள் மணல் மூட்டையைத் தூக்கும்போது, துணி சுருங்கியது என்று நான் எழுதியதும் அதை நீ ஒப்புக்கொண்டதும் ஞாபகம் வந்து சிரித்துவிட்டேன். நல்ல ஜோடி நாம். மூட்டை காலில் விழுந்தது.

நீ மறைத்தாய், சரி. உண்மையை ஒரே ஒரு தடவை உன் வீட்டு முன்னறையில் ஒரு நாற்காலிதான் எனக்குச் சொன்னது. அதைப் பற்றி நாம் பேசியதே இல்லை. இப்போதும் வேண்டாம்.

அளவு கேள். எடை 102. இரண்டு வாரமாக நூல்கூட நகரவில்லை. பயந்துபோய் மருத்துவ அறைக்கு ஓடினேன். "டேப் என்ன சொல்லுது?" என்றார் நர்ஸ். இடுப்பு இந்த இரண்டு வாரத்தில் முக்கால் இன்ச் குறைந்து 41 ஆகியிருந்தது. தொடை 26, புஜம் 14½. "அப்ப என்ன பயம்? கொழுப்பு போகுது, சதை வருது. தராசுக்கு ரெண்டும் ஒண்ணுதான். போய்ச் சாப்பிடுங்க." உன் வாய்தான் அந்த அம்மாவுக்கும்.

கை கால் இப்போது சில்லிடுவதில்லை. நன்றாகப் பசிக்கிறது, நன்றாகத் தூங்குகிறேன். இன்னும் ஐந்து வாரம், இரண்டு கிலோ. பட்டினி போட்டால் ஐந்து நாளில் முடித்துவிடலாம் என்று ஒரு ஆசை அவ்வப்போது எட்டிப் பார்க்கிறது. அப்போதெல்லாம் மூன்றாவது தட்டை நினைத்துக்கொள்கிறேன்.

சிக்னல்காரருக்கு நெஞ்சு 36. சட்டை என்றதும் தலைகால் புரியவில்லை அவருக்கு.

தம்பி

ஆகஸ்ட் 25

அன்புள்ள தம்பிக்கு,

அனைவரும் சுகம். உன் அளவைப் பார்த்து மெஷினை நிறுத்திவிட்டு ஒரு டம்ளர் காபி குடித்தேன், சந்தோஷத்தில்.

வேண்டாம் என்று எழுதியிருக்கிறாய். ஆனாலும் அந்த நாற்காலியைப் பற்றிச் சொல்லாமல் எனக்குத் தீராது. நான்கு வருடத்துக்கு முன் முன்னறையில் சொந்தக்காரர்கள் அத்தனை பேர் மத்தியில் அது உடைந்து நீ தரையில் விழுந்தாய். எல்லோரும் சிரித்தார்கள், நீதான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தாய். மறுநாள் காலையே வேலை என்று கிளம்பிவிட்டாய். அதற்குப் பிறகு என் மகள் கல்யாணத்துக்குக்கூட வரவில்லை.

அந்த நாற்காலியின் கால் ஏற்கெனவே விரிசல் விட்டிருந்தது. ஒரு மாதமாகச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்திருந்தேன். அன்று உட்கார இடம் பற்றாமல் நானே எடுத்து உனக்குப் போட்டேன், மறந்துபோய். நீ விழுந்ததும் ஞாபகம் வந்தது. "அது முன்னாடியே விரிசல்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எல்லோரோடும் சேர்ந்து நானும் சிரித்தேன். அதற்காகத்தான் ஒருவேளை இந்த நான்கு வருடம் நான் துணியில் இன்னும் தாராளமாக இருந்தேனோ என்னவோ. வெட்கமாக இருக்கிறது.

நாற்காலி பின்னறையில்தான் கிடக்கிறது. எறிய மனது வரவில்லை.

பதினைந்தாம் தேதி நன்றாகச் சாப்பிட்டுவிட்டுப் போ. தராசுக்குப் பயந்து வெறும் வயிற்றோடு ஏணியில் கால் வைக்காதே.

அக்கா

செப்டம்பர் 16

அன்புள்ள அக்காவுக்கு,

நீ, மாமா, உன் மகள், மெஷின், முழங்கால் எல்லோரும் சௌக்கியமா?

கடல் இன்று இரண்டு நிறம். கரையோரம் கலங்கல், அந்தப் பக்கம் கரும்பச்சை. ஏழு கப்பல்கள் நிற்கின்றன, எட்டாவது ஒன்று புகைபோல் தெரிகிறது. உணவு இடைவேளையில் கேபினில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நேற்று இரண்டு முட்டையும் ரொட்டியும் சாப்பிட்டுவிட்டுத்தான் தராசில் ஏறினேன். பூட்ஸோடு 99.4. பிறகு பை. மூன்றாவது தட்டு வந்தபோது கையைப் பார்த்தேன். பிடித்த இடத்தில் பிடி நின்றது. நிற்காமல் போனேன். பரிசோதகர் பின்னால் வந்தார், நான் மேலே போய்ச் சேர்ந்து இரண்டு நிமிடம் கழித்துத்தான் அவர் தலை தெரிந்தது. மூச்சு வாங்க, "நீங்க... நீங்க பாஸ்" என்றார். கீழேயிருந்து வாக்கிடாக்கியில் சிக்னல்காரர் குரல்: "அண்ணே, மூட்டைய இறக்கிட்டீங்களா?" எட்டிப் பார்த்துக் கையை ஆட்டினேன். அவர் உன் சட்டையைத்தான் போட்டிருந்தார்.

என் இருக்கையில் ஒரு திருகு உண்டு, உட்காருகிறவர் எடைக்குத் தகுந்தபடி வைப்பதற்கு. அது கடைசிக்கோட்டில் இறுகிக் கிடந்தது. எண்ணெய் விட்டு ஆட்டித்தான் பின்னால் திருப்பினேன். நான்கு கோடு பின்னால் வந்தது.

கையோடு போய் லீவு கேட்டேன். பன்னிரண்டு நாள், கேட்டதும் கொடுத்துவிட்டார்கள். எழுத்தர் என் பெயர் இருந்த பக்கத்தைப் புரட்டிவிட்டு, "நாலு வருஷமா நீங்க லீவே கேக்கலையே சார்?" என்றார். மாமாவிடம் நீ சொல்லிவிடு. இல்லை, வேண்டாம், நானே சொல்கிறேன்.

அந்த நாற்காலியை எறியாதே. காலுக்கு ஒரு இரும்புத் தகடு வைத்து அடித்தால் நிற்கும், இங்கிருந்தே கொண்டு வருகிறேன். முன்னறையில் போட்டு, எல்லோரும் இருக்கும்போது நான்தான் முதலில் உட்காருவேன். அப்போதும் உடைந்தால் சேர்ந்தே சிரிப்போம்.

இந்த மாத அளவை எழுதவில்லை. டேப்பை எடுத்து வை, நீயே அளந்துகொள்.

உன்
குச்சி